எத்தனை வெளக்கு தெரியுது?

புதுப்பட்டினத்தில் அந்த வீட்டு வாசலில் கார் வந்து நின்றபோது எனக்கு வீடு தெரியவில்லை. கண் ஆபரேஷன் முடிந்து அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தோம். இமையைத் திறந்தால் மிளகாய்த்தூள் பட்டதுபோல் எரிந்தது. அம்மா கையைப் பிடித்து இறக்கினாள். பழைய வீடு, படிகள் உயரமாக இருந்தன. பின்பக்கம் சவுக்குத் தோப்பும், அதைத் தாண்டிக் கடலும் இரைந்தன. முன்பக்கம் ஈசிஆர் சாலையில் வண்டிகள் விர்ரென்று போய்க்கொண்டே இருந்தன. கண்ணை மூடியிருக்கும்போது அந்தச் சத்தம் ரொம்பப் பக்கத்தில் கேட்கிறது.

“ஸ்தோத்திரம் ஆண்டவரே! கண்ணாடி இல்லாம பொண்ணு எவ்ளோ லட்சணமா கீது பாரு” என்றார் எஸ்தர் அத்தை. எனக்கு மாமியாராக வரப்போகிறவர். வீங்கிப்போய், நீர் வழிந்து, திறக்கவே முடியாத கண்ணில் என்ன லட்சணத்தைக் கண்டாரோ தெரியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எத்தனையோ பேர் செய்துகொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்கும் பார்வை நன்றாகத்தான் வந்தது. என் வயிற்றெரிச்சல் வேறு.

நாலாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போட்டவள் நான். செங்கல்பட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். கண்ணாடியோடு எனக்கு உலகம் தெளிவாகத்தான் தெரிந்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்குத்தான் நான் தெரியவில்லை. வந்து உட்கார்ந்து, டீ குடித்து, கண்ணாடியைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். ‘பொறக்குற புள்ளைக்கும் வந்துடுமே’ என்று ஒரு அம்மாள் என் எதிரிலேயே சொன்னாள்.

அப்புறம் வந்ததுதான் ஜெபசிங்கின் சம்பந்தம். மாப்பிள்ளை அணுபுரத்தில் ஏசி மெக்கானிக். அவருடைய அம்மா எஸ்தர் அத்தை நேராகவே சொன்னார்: “பொண்ணு புடிச்சிகீது. கண்ணாடிதான் வாணாம். தெரிஞ்ச ஆஸ்பத்திரி கீது, லேசர்ல எடுத்துடுவாங்க. செலவு எங்களுது.”

“எனக்கு கண்ணாடியிலயே நல்லா தெரியுதே, இன்னாத்துக்கு?” என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் பெயர் செங்கம்மாள். செய்யூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். “வர்றதெல்லாம் போயிகினே கீதுடி. இதையும் வாயால கெடுத்துடாத” என்று அழுதாள். ஆபீசில் யாருக்கும் பயப்படாத என் வாய் அம்மாவின் அழுகைக்கு மட்டும் அடங்கிவிடும். கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் கண்ணாடி போக வேண்டும் என்று நாள் குறித்தார்கள்.

ஆபரேஷன் அன்று காலையில், மரத்துப்போக மருந்து விட்டு, இமைகளை ஏதோ கம்பியால் விரித்து வைத்து, படுக்கவைத்தார்கள். “மேல பச்சை வெளக்கு தெரியுது பாருங்க. அதையே பாருங்க, அசையாதீங்க” என்றார் டாக்டர். ஒரு வளையம் கண்மேல் வந்து அழுந்தியது. பச்சை விளக்கு மங்கி, கரைந்து, அணைந்தது. கொஞ்ச நேரம் இருட்டாகும், பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் நான் பயப்படவில்லை.

இருட்டில் என் காதோரம் ஒரு பெண் கேட்டாள்.

“எத்தனை வெளக்கு தெரியுது?”

“ஒன்னும் தெரியலை சிஸ்டர்.”

“பேசாதீங்கம்மா” என்று டாக்டர் அதட்டினார். முடி கருகுகிற வாசனை வந்தது. லேசர் படும்போது அப்படித்தான் வருமாம். அதோடு இன்னொரு வாசனையும் வந்தது, திரிந்த பாலின் புளித்த நாற்றம். வெளியே வந்ததும் நர்சிடம் கேட்டேன். “உள்ள நாங்க யாரும் பேஷண்ட்கிட்ட பேச மாட்டோமே. டாக்டர் மட்டும்தான் பேசுவார்” என்றாள்.

புதுப்பட்டினத்து வீட்டில் எனக்கென்று ஒரு அறையை மூடி இருட்டாக்கி வைத்திருந்தார்கள். செய்யூர் வரைக்கும் பஸ்ஸில் தூசியில் போனால் கண் கெட்டுவிடும், மறுநாள் காட்டப் போவதற்கும் இதுதான் பக்கம் என்று அத்தை பிடித்த பிடியில் அம்மாவும் நானும் அங்கே தங்கினோம். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை அத்தை கழற்றினார். “இது லொடலொடன்னு கீது. வூட்லயே நல்லது ஒன்னு கீது” என்று வேறொன்றை மாட்டிவிட்டார். மாற்றிக்கொள்ள மஞ்சள் பூப்போட்ட நைட்டி கொடுத்தார். அலமாரி வாசனை அடித்தது, ஆனால் துணி புதுசு. எவ்வளவு நல்ல மனசு என்று அம்மா என் காதில் சொன்னாள்.

கண்ணைத் தேய்க்கக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணாடியைக் கழற்றக் கூடாது. படுத்துக் கிடந்தேன். மத்தியானம். அடுப்படியில் அம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அறைக்குள் செருப்புச் சத்தம் கேட்டது. ஈரச் செருப்பு.

ஒவ்வொரு அடிக்கும் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

கட்டில் ஓரம் அமுங்கியது. அதே திரிந்த பால் நாற்றம்.

“எத்தனை வெளக்கு தெரியுது?”

“அம்மா!” என்று கத்திக்கொண்டு கண்ணைத் திறந்தேன். எதிர்ச்சுவரில் இயேசு படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு பல்பு. என் கண்ணுக்கு அதைச் சுற்றிப் பெரிய ஒளிவட்டம் தெரிந்தது. அந்த வட்டத்தின் முன்னால் ஒரு பெண் நின்றாள். நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டிருந்தாள், தெருமுனைக் கடைக்குப் போகிறவள்போல. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒளிவட்டங்கள் மட்டும் இருந்தன. அம்மா ஓடி வந்து கதவைத் திறந்ததும் அங்கே சுவர்தான் இருந்தது.

நான் குனிந்து என்னைப் பார்த்தேன்.

அவள் போட்டிருந்ததும் அதே மஞ்சள் பூ நைட்டிதான்.

மருந்து மயக்கம் என்றாள் அம்மா. அத்தை அன்று ஜெபம் மட்டும் வழக்கத்தைவிட நீளமாகச் செய்தார்.

மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, கடைசி வரிவரைக்கும் படிக்கிறாயே, பிரமாதம் என்றார். விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறதே என்றேன். “கொஞ்ச மாசத்துல போயிடும். இருட்டுனப்புறம் ரோட்டுல மட்டும் ஜாக்கிரதை” என்றார். அத்தை பக்கத்தில்தான் நின்றார், காதில் விழாமல் இருந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்காது என்று அம்மா ஊருக்குக் கிளம்பிப் போனாள். காற்றும் தூசியும் அடங்கட்டும், ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவிடுகிறேன் என்று ஜெபசிங் சொன்னார்.

அன்று அத்தை மாட்டிவிட்ட கறுப்புக் கண்ணாடியைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். காது மாட்டும் கம்பி மடங்குகிற இடத்தில் ஒரு தலைமுடி சிக்கியிருந்தது. இழுக்க இழுக்க வந்தது. இடுப்புவரை வரும் போலிருந்தது. என் முடி தோளைத் தாண்டாது. அத்தைக்கு முக்கால்வாசி நரை.

சாயங்காலம் அத்தை குரல் கொடுத்தார். “ரூத்து, எதிர்க்க கடைல பால் வாங்கினு வாம்மா. படுத்தே கெடந்தா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?”

போகும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. கடையில் கூட்டம். பாக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் சட்டென்று இருட்டிவிட்டது. கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு ஈசிஆரின் ஓரத்தில் நின்றேன். தெருவிளக்கு, கடை விளக்கு, வண்டி விளக்கு எல்லாம் பெரிய பெரிய பூவாக விரிந்திருந்தன. சவுக்குத் தோப்புக் காற்று நைட்டியைப் படபடவென்று அடித்தது. புதுச்சேரிப் பக்கமிருந்து ஒரே ஒரு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. பைக். தூரத்தில்தான் வருகிறது, தாராளமாகக் கடந்துவிடலாம்.

காலை எடுத்து வைத்தேன்.

பால் நாற்றம் அடித்தது.

“எத்தனை வெளக்கு தெரியுது?”

இந்தத் தடவை நான் கத்தவில்லை. என்னை அறியாமல் பதில் சொன்னேன்.

“ஒன்னு.”

“நானும் ஒன்னுன்னுதான் சொன்னேன்.”

ஈரக்கை ஒன்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. அடுத்த மூச்சில் ஒரு பஸ் என் மூக்கை உரசிக்கொண்டு போனது. பைக் இல்லை, பஸ். இரண்டு விளக்கும் பெரிதாகிப் பெரிதாகி ஒன்றோடொன்று சேர்ந்து, என் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்தக் காற்றில் நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். என் கையிலிருந்த பாக்கெட் உடையவில்லை. ஆனாலும் என் மணிக்கட்டு பாலாக நனைந்திருந்தது.

எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. வீட்டில் அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். ஜெபசிங் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாக்கெட்டை மேஜையில் வைத்தேன்.

“அத்த, எனக்கு முன்னாடி பால் வாங்கப் போன பொண்ணு யாரு?”

கத்தி நின்றது. ஜெபசிங்கின் முகம் வெளுத்தது. “யாரு சொன்னது உனக்கு?” என்றார். இல்லை என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அத்தைதான் பேசினார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. “அன்பரசின்னு ஒரு பொண்ணு. ஓலையெல்லாம் வாசிச்சாச்சி. அதுவும் கண்ணாடிதான். இதே ஆஸ்பத்திரிலதான் பண்ணோம், கண்ணு நல்லாதான் ஆச்சி. வெளக்கெல்லாம் பூவாட்டம் தெரியுது, வெளிய போவ பயமா கீதுன்னு சொல்லிகினே இருந்திச்சி. வேலைக்கு டபாய்க்குதுன்னு நெனச்சி பால் வாங்க அனுப்பிட்டேன். லாரிக்காரன் வந்துட்டான். ரோடு பூரா பாலு. ஆண்டவர் சித்தம், நாம இன்னா பண்ண முடியும்?”

“இந்தக் கண்ணாடி?”

“அதுக்கு வாங்குனதுதான். நைட்டிகூட ஒரே துணில ரெண்டா எடுத்தேன். ஒன்னு அதோட போச்சி. இன்னொன்னு அப்படியே புதுசா கீது. தூக்கியா போட முடியும்?”

ஒரு பெண் செத்துப்போனாள். அவளுக்கு வாங்கியதில் மிச்சமானதை மடித்து வைத்து எனக்குப் போட்டுவிட்டிருக்கிறார்கள். அவளுக்குப் போட்ட ஆபரேஷனையும் போட்டுவிட்டார்கள். அவள் போன கடைக்கே அனுப்பியும் விட்டார்கள். எனக்குப் பேயைக் கண்டு வந்த நடுக்கம் அந்த நிமிஷத்தில் நின்றுவிட்டது. அத்தையைப் பார்த்துத்தான் உடம்பு நடுங்கியது.

நான் ஜெபசிங்கைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். “பெரியவங்க எது செஞ்சாலும் நல்லதுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். நைட்டியைக் கழற்றிக் கட்டிலில் போட்டு, மேலே கறுப்புக் கண்ணாடியை வைத்து, என் சுடிதாரோடு அன்றைக்கே பஸ் ஏறினேன்.

அம்மா முதலில் திட்டினாள், அப்புறம் அழுதாள், அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டாள். ஊர் என்ன சொன்னது தெரியுமா? ‘கண்ணு செலவு அவங்களது, கண்ணும் சரியாச்சு, பொண்ணு கெட்டிக்காரிதான்.’ இதைக் கேட்கத்தான் எனக்குக் காது சரியாக இருந்தது.

ஆறேழு மாதத்தில் விளக்கைச் சுற்றியிருந்த வட்டங்கள் மறைந்தன. டாக்டர் சொன்னது சரி. எஸ்தர் அத்தை மட்டும் மாறவில்லை. ஜெபசிங்குக்கு மறுபடி ஓலை வாசித்தார்கள். பெண்ணின் பெயர் பியூலா. கண்ணாடி போட்டவளா என்று விசாரித்தேன். ஆமாம் என்றார்கள். நம்பர் வாங்கி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “எங்க வூட்ல நம்ப மாட்டாங்கக்கா. எனக்கு கீழ ரெண்டு தங்கச்சிங்க கீது” என்றாள். அடுப்படியில் அம்மா அழுது என் வாயை அடக்கியது நினைவுக்கு வந்தது. ஏதாவது என்றால் எனக்குக் கூப்பிடு என்று மட்டும் சொன்னேன்.

போன வாரம் வேலை முடிந்து செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். விளக்குகள் போட ஆரம்பித்திருந்தார்கள். பியூலா கூப்பிட்டாள். குரல் குஷியாக இருந்தது.

“அக்கா, ஆபரேசன் நல்லா முடிஞ்சிதுக்கா. நீங்க சொன்ன மாதிரி பேயெல்லாம் ஒன்னும் இல்ல. உள்ள இருட்டானப்ப ஒரு நர்ஸ்தான் எத்தனை வெளக்கு தெரியுதுன்னு கேட்டாங்க.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். “நீ இப்ப எங்க கீற?”

“ரோட்டாண்டதான்க்கா. அத்த பால் வாங்கினு வரச் சொன்னாங்க. வாங்கிட்டேன். கடந்தா வூடு. ஒரே ஒரு பைக்குதான் வருது, தோ, போயிடு—”

“நில்லு! பியூலா, காலை எடுக்காத!”

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. போனில் ஒரு ஹாரன், கிழிகிற மாதிரி. அப்புறம் காற்று.

அப்புறம் ஒன்றும் இல்லை.

“பியூலா?”

ரொம்ப நேரம் கழித்து மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் ரகசியம் பேசுகிற குரலில் அவள் சொன்னாள்.

“அக்கா... என் கைய யாரோ புடிச்சினு கீறாங்க. வுட மாட்டேன்றாங்க. அந்தக் கை ஈரமா கீதுக்கா. பால் நாத்தம் அடிக்குது.”