ஒன்றாம் நம்பர் டோக்கன்

எங்கள் ஐஸ் பேக்டரியை விற்பதா, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதா என்று முடிவு செய்ய மூவரும் நண்பகலில் போய் இறங்கினோம். அண்ணனுக்கு விற்க வேண்டும். அக்காவுக்குக் கட்ட வேண்டும். எனக்கு அந்தக் குளிர் அறை தரைமட்டமானால் போதும்.

குளிர் அறை வாசலில் ஒரு பலகை. உள்ளே போகிறவன் தன் பித்தளை டோக்கனை அதில் மாட்டுவான். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வான். பலகை காலியானால்தான் கதவைப் பூட்டலாம். சட்டம் போட்டவர் அப்பா. ஆனால் அவருடைய ஒன்றாம் நம்பர் மட்டும் எப்போதும் தொங்கும். "முதலாளிக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்பார். அதனால் அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் நானும் கண்டுகொள்ளவில்லை. பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் திறந்தபோது அப்பா கதவில் சாய்ந்து விறைத்துக் கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். பூட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. என் நான்காம் நம்பரைக் கிணற்றில் வீசினேன்.

ஒன்றாம் நம்பர் இன்னும் அதே ஆணியில் தொங்கியது.

அக்கா அளவு டேப்போடு உள்ளே போனாள். மின்சாரத்தைத் துண்டித்தே மூன்று வருடமாகிறது. ஆனாலும் அமோனியா நெடி மூக்கைத் துளைத்தது. அவள் பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது.

"அண்ணே, போதும். அந்த முனையை விடு."

அண்ணன் வாசலில், என் பக்கத்தில் நின்றிருந்தான்.

"நான் இங்கதான்மா இருக்கேன்," என்றான் மெல்ல.

இருட்டுக்குள் டேப் விறைப்பாக நின்றது.

பிறகு உள்ளிருந்து யாரோ அதை இழுத்தார்கள்.

அக்கா டேப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அண்ணன் கதவைச் சாத்தினான். நான் பூட்டினேன்.

"வித்துடலாம்," என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "நாளைக்கே பத்திரம் எழுதிடலாம். மூணு பேரும் வந்து கையெழுத்து போடணும், சரியா?"

தலையாட்டிக்கொண்டே பலகையைப் பார்த்தேன்.

ஒன்றாம் நம்பரைக் காணோம்.

அந்த ஆணியில் நான்காம் நம்பர் தொங்கியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

இப்போது மறுநாள் காலை பத்து மணி. அண்ணனும் அக்காவும் பதிவு அலுவலகத்தில் காத்திருக்கிறார்கள். கிளம்பலாம் என்று எழுந்தபோது என் அறைக்கதவை யாரோ வெளியிலிருந்து பூட்டினார்கள். வீட்டில் நான் மட்டும்தான். சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது.

குளிர ஆரம்பித்துவிட்டது.