சொன்னான் என்ற சொல்லுக்குப் பிறகு

கட்டுரையைக் கொடுக்க இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தபோது, புத்தகத்தில் அந்த வரிக்கு நடுவே இருந்த இடைவெளி மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தது. அவள் அடிக்கோலை வைத்து இரண்டு முறை அளந்தாள். காலையில் பதினொன்று. இப்போது பதினான்கு. அச்சடித்த புத்தகம் அப்படியெல்லாம் நகராது.

பழைய எபிரேய வேதத்தை இலக்கியமாகப் படிக்கும் வகுப்பில் அவள் பங்குக்கு வந்தது ஒரே ஒரு வரி. உலகின் முதல் கொலை. அண்ணன் தம்பியிடம் சொன்னான் என்று வரி தொடங்குகிறது. என்ன சொன்னான் என்பது இல்லை. ஒரு வெற்றிடம். அடுத்த சொல்லில் இருவரும் வயலில் நிற்கிறார்கள்.

"'பேசினான்'னு இருந்தா விட்டுடலாம்," என்றிருந்தார் வகுப்பில் பேராசிரியை. ஒரு காற்புள்ளிக்காக ஒரு மணி நேரம் சண்டை போடுவதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கமா. "இது 'சொன்னான்'. சொன்னான்னா என்னத்தச் சொன்னான்? மொழிபெயர்த்தவங்களுக்கு வாய் சும்மா இருக்கல. 'வயலுக்குப் போகலாம் வா'ன்னு சேர்த்துட்டாங்க. நீ எதைப் போடப் போற?"

"எதையும் போட மாட்டேன் மேடம். காலியாவே இருக்கட்டும்."

"பிடிவாதக்காரி," என்று சிரித்தார் கமா.

வீட்டில் அறைக்குள் மாலை வெயில் இன்னும் இருந்தது. ஆனாலும் மேசையைச் சுற்றிப் பாசி வாடை அடித்தது. மழைத் தண்ணீர் மாதக்கணக்காகத் தேங்கிய கல்குவாரியின் வாடை, பச்சையும் இரும்பும் கலந்தது, புத்தகத்தின் தையலுக்குள்ளிருந்து மெல்லக் கசிந்து வருவதுபோல. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்ற பிறகும் எங்கோ சொட்டிக்கொண்டே இருந்தது.

அவள் வரியை வாய்விட்டுப் படித்தாள். வலமிருந்து இடமாக. இடைவெளி வந்ததும் நிறுத்தினாள்.

"யார்கூடடி பேசுற?" அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"யார்கூடயும் இல்லம்மா. படிக்கிறேன்."

"ரெண்டு குரல்லயா படிக்கிற?"

அவள் அடிக்கோலை மறுபடி எடுத்தாள்.

தங்கை குவாரித் தண்ணீரில் மூழ்கிப்போய் ஏழு மாதம். கடைசியாக அவளிடம் பேசியது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, "நான்தான் பேசினேன்" என்றாள். அம்மா கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். பேசினேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

இடைவெளி இருபது. இருபத்தாறு. 'வயல்' என்ற சொல் அதற்குள் போய்விட்டது. பிறகு 'தம்பி'.

பக்கத்து நாற்காலி பின்னால் இழுபட்டது. யாரோ உட்கார்ந்தார்கள். ஈரத் துணியின் கனம்.

அவள் திரும்பவில்லை. "போடி," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "எழுத மாட்டேன். என்ன பண்ணிடுவ?"

காதருகே ஒரு குரல். தங்கையின் குரலேதான். "அக்கா சொன்னா…"

நின்றது. காத்திருந்தது.

"அக்கா சொன்னா…"

பேனாவை மூடினாள். ஓடலாம். கதவு நான்கு எட்டுத்தான். ஓடினால் மிச்சத்தை அது சொல்லிவிடும், தன் குரலிலேயே. அதற்கு அந்த உரிமை இல்லை என்று தோன்றியது. பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக வந்தது.

கதவருகே தட்டு ஒன்று விழுந்தது. அம்மா. கையில் இன்னும் சோப்பு நுரை. அவள் பார்வை மகள்மேல் இல்லை, பக்கத்து நாற்காலிமேல்.

"அவ…" அம்மா நுரைக் கையால் நாற்காலியைக் காட்டினாள். "அவ என்னடி கேக்குறா?"

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். ஊதி வெளுத்த முகம். திறந்த வாய், உள்ளே பல்லில்லை, நாக்கில்லை, விளிம்பு வரை கறுத்த தண்ணீர். அது தளும்பாமல் காத்திருந்தது.

அவள் தலை குனியவில்லை. அந்த வாயைப் பார்த்தே, அம்மாவுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"'தண்ணி இடுப்பளவுதான், நான் இறங்கிப் பாத்துட்டேன், குதிடி'ன்னு சொன்னேன். நான் இறங்கவே இல்லம்மா."