பூஜ்யத்தில் படுத்த முள்

கார் அறுபதில் போய்க்கொண்டிருந்தது. வேக மீட்டரின் முள் பூஜ்யத்தில் செத்துக் கிடந்தது.

மதியம் பன்னிரண்டரைக்கு டாக்டரம்மா அந்தக் காரை ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"ரெண்டாவது தடவை. என்ன வேகத்துல வர்றேன்னு தெரியாம வளைவுல திரும்பினேன். ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில தப்பிச்சார். அஞ்சு மணிக்கு வருவேன். சரியாகலைன்னா இனிமே வேற இடம் பார்த்துக்கிறேன்."

சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். ஒர்க்‌ஷாப்பின் முதலாளி, எல்லோருக்கும் அக்கா, மெதுவாகத் திரும்பிக் குருவியைப் பார்த்தாள். வேலை செய்யும்போது சீட்டி அடிப்பதால் அவனுக்குக் குருவி என்று பெயர். இப்போது சீட்டி இல்லை.

"முன்னாடி இடது சக்கரத்துக்குத் திங்கக்கிழமை ஒரு புது பேரிங் போட்டே. மறுநாளே முள் விழுந்துச்சு. இன்னைக்குக் காலைல இன்னொரு புதுசு போட்டே. அதுவும் போச்சு. ரெண்டும் உன் கைதான்."

"அக்கா, நான் சரியாத்தான்..."

"அஞ்சு மணிக்குள்ள காரணம் தெரியணும். இல்லைன்னா நாளைலருந்து வராத."

மின்வேலை பார்க்கும் பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அங்கே வயர் என்று பெயர். ஆறு மாதத்துக்கு முன்னால், குருவி வந்து சேராத காலத்தில், கஷ்டமான வண்டி எது வந்தாலும் 'வயர்கிட்ட குடு' என்பாள் அக்கா. இப்போது 'குருவிகிட்ட குடு'. அவன் மாட்டிக்கொண்டதைக் கேட்டதும் வயருக்குள் ஏதோ இனித்தது. உடனே தன்மேலேயே அருவருப்பு வந்தது. அந்த அருவருப்புத்தான் அவளைப் பேச வைத்தது.

"அக்கா, நான் பாக்கட்டுமா?"

"பாரும்மா, பாரு. உனக்கென்ன தடை" என்றார், கவுன்ட்டரில் பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்த மாமா. அக்காவின் கணவர். இடுப்பு போனதிலிருந்து ஸ்பேனரை விட்டுவிட்டுக் கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்கிறார்.

ஒரு மணிக்குக் குருவி காரை ஓட்ட, பக்கத்தில் வயர், காரின் கணக்குகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீயும் நான்தான்னு நினைக்கிறியா?" என்றான் குருவி.

"நான் நினைக்கிறது முக்கியமில்ல."

"அப்போ நினைக்கிற."

அவள் மீட்டரைப் பார்த்தாள். முள் எழுந்து நாற்பதுக்குப் போனது. இரண்டு தெரு தாண்டியதும் நடுங்கியது. பிறகு விழுந்தது. ஸ்கேனர் திரையில் மூன்று சக்கரங்கள் நாற்பது காட்டின. முன் இடது சக்கரம் மட்டும் பூஜ்யம். இந்த வகைக் காரில் அந்த ஒரு சக்கரத்தின் கணக்குதான் மீட்டருக்குப் போகும்.

திரும்பி வந்து ஒவ்வொன்றாகக் கழித்தாள். சக்கரத்தின் வேகத்தைப் படிக்கும் சென்சார்களில் வலதை இடதில் மாட்டினாள். அப்போதும் இடதுதான் பூஜ்யம். அப்படியென்றால் சென்சார் நல்லது. சென்சாரின் மின்கம்பியை முனைக்கு முனை சோதித்தாள். அறுந்த இடம் எதுவும் இல்லை. சந்தேகத்தில் மறுபடியும் ஒரு முறை சோதித்தாள். இல்லை. மிச்சம் இருந்தது பேரிங்.

அந்த பேரிங்கின் ஒரு முகத்தில் கறுப்பு வளையம் ஒன்று உண்டு. சுற்றிலும் சின்னச் சின்னக் காந்தங்கள் வடக்கு, தெற்கு என்று மாறி மாறிப் பதிந்திருக்கும். அவை கடந்து போவதை எண்ணித்தான் சென்சார் வேகத்தைச் சொல்கிறது. பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் எண்ண எதுவும் இருக்காது.

"வளையம் உள்பக்கம் பாத்துதானே போட்டே?"

"பின்ன? தலைகீழா போட நான் என்ன பஞ்சரா?"

"டேய், காது கேக்குது" என்றான் அடுத்த மேசையில் இருந்த பஞ்சர். அவன் அக்காவின் சொந்தத் தம்பி. கொட்டாவி விட்டான். "நேத்து சாயங்காலம் வெளியூருக்கு வண்டி இழுக்கப் போனவன், இப்பதான் வந்து இறங்கறேன். அதுக்குள்ள என் தலையை உருட்டாதீங்க."

பேரிங்கைக் கழற்றினார்கள். சரியான பக்கம்தான். வயருக்கு நிம்மதி வரவேண்டிய இடத்தில் ஏமாற்றம் வந்தது. அதைக் குருவி கவனித்திருப்பானோ என்று பயந்தாள்.

கிரைண்டரின் அடியில் குவிந்திருந்த இரும்புத் தூளைக் கொஞ்சம் அள்ளினாள். வேறொரு காருக்கு வந்திருந்த புது பேரிங்கின் மேல் காகிதத்தை வைத்துத் தூவினாள். தூள் சீப்புப் பல் போல வரிவரியாக நின்றது. பிறகு கழற்றிய பேரிங்கின் மேல் தூவினாள். அங்கங்கே மங்கலாய் இரண்டு மூன்று வரி. மீதியெல்லாம் திட்டுத் திட்டாய் அப்பிக்கொண்டது.

"இது தானா கெட்டது இல்ல. பெரிய காந்தத்து மேல வச்சிருக்காங்க. வளையம் பாதி செத்துப் போச்சு. குளிர்ச்சியா இருக்கும்போது ஏதோ எண்ணுது. சூடேறி அதிர ஆரம்பிச்சா அதுவும் இல்ல."

எல்லோரும் பஞ்சரின் மேசையைப் பார்த்தார்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் அங்கேதான் இருக்கும். நட்டு, போல்ட்டெல்லாம் ஒட்டிக்கொண்டு எப்போதும் முள்ளம்பன்றி மாதிரி இருக்கும். இன்று மொட்டையாக இருந்தது. நட்டுகள் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் கிடந்தன.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க?" பஞ்சர் எகிறினான். "காந்தம் பட்டா பேரிங் கெடும்னு இங்க யாருக்குத் தெரியும்? வயருக்குத்தானே! ராத்திரி வகுப்புல படிச்சிட்டு வந்து போன வாரம் டீ குடிக்கும்போது இவதானே பாடம் எடுத்தா? குருவி வந்ததிலருந்து இவளுக்கு வயிறு எரியறது ஊருக்கே தெரியும்."

வயருக்குக் காது சூடானது. வயிறு எரிந்தது பொய்யில்லை. ஒரு நொடி, தானே தூக்கத்தில் வந்து செய்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. பிறகு போன வாரத்து டீயை முறையாக நினைத்துப் பார்த்தாள். குருவி காருக்கு அடியில் இருந்தான். அக்காவும் பஞ்சரும் பேப்பர் கப்போடு நின்றார்கள். 'கப்புல குடிச்சா அது டீயா?' என்று சொல்லிக்கொண்டே தன் கண்ணாடி டம்ளரை ஆற்றியபடி மாமா கேட்டுக்கொண்டிருந்தார். கேள்விகூடக் கேட்டார்.

மணி நாலு.

"அக்கா, ரெண்டாவது பேரிங் எப்ப வந்துச்சு?"

"நேத்து சாயங்காலம். ராத்திரி கவுன்ட்டர்லதான் இருந்துச்சு."

"அது வந்தப்போ பஞ்சர் வெளியூர்ல. நான் வகுப்புல. காலைல நான் வர்றதுக்குள்ள குருவி அதை வண்டில மாட்டிட்டான். எங்க ரெண்டு பேர் கையும் அது மேல படல. குருவிக்குக் காந்த விஷயமே தெரியாது. தெரிஞ்சாலும் தன் வேலையைத் தானே கெடுத்துக்க மாட்டான்."

அவள் கவுன்ட்டர் பக்கம் திரும்பினாள்.

"மாமா, உங்க டம்ளர் எங்க?"

மாமா கையிலிருந்த பேப்பர் கப்பைப் பார்த்தார். கப் மெதுவாக நசுங்கியது.

"காலைல கடையைத் திறக்கறது நீங்க. பேரிங்கைக் காந்தத்து மேல படுக்க வைக்க, நட்டையெல்லாம் கையில கிடைச்ச டம்ளர்ல போட்டீங்க. குருவியோட சீட்டி கேட்டிருக்கும். அவசரமா பேரிங்கை மட்டும் பெட்டில வச்சிட்டீங்க. திங்கக்கிழமை தப்பிச்சீங்க, இன்னைக்கு டம்ளரை மறந்துட்டீங்க. மத்தியானம் உங்க கையில கப்பைப் பாத்தேன். பாத்தும் எனக்கு உறைக்கல. நான் குருவியையே பாத்துட்டு இருந்தேன்."

மாமா நசுங்கிய கப்பைக் கவுன்ட்டரில் வைத்தார்.

"கண்ணு முழிச்சா குருவி, சோத்துல கை வச்சா குருவி" என்றார் மாமா, அக்காவைப் பார்க்காமல். "என் வீட்டுக்குள்ளேயே அவன் சீட்டி கேக்குது. நானும் ஒரு காலத்துல வேலை பாத்தவன்தான்."

"சைக்கிள்ல வந்த ஆள் செத்திருந்தா?" என்றாள் அக்கா.

அவள் கவுன்ட்டருக்கு அருகில் வந்து நின்றாள்.

"அவனைப் பத்தி எதுக்குப் பேசினேன்? போல்ட்டைக் கையால தடவிப் பாத்துட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கறான். உங்கள மாதிரியே. அதைச் சொல்லத்தான் தினமும் ஆரம்பிச்சேன். நீங்கதான் எழுந்து போயிடுவீங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "டாக்டரம்மாகிட்ட நடந்ததை நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, வேறு கடையிலிருந்து பேரிங் வாங்கிவரப் பஞ்சரை அனுப்பினாள்.

அஞ்சு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஓட்டிப் பார்த்ததில் முள் அறுபதுக்கு ஏறி, அசையாமல் நின்றது. குருவி சீட்டி அடித்துக்கொண்டே காரை உள்ளே கொண்டுவந்தான்.

"எவ்வளவு வேகமா மாட்டிட்டான் பாரு" என்றாள் அக்கா, யாரிடம் என்றில்லாமல்.

வயருக்குச் சுருக்கென்றது. கண்டுபிடித்தது யார் என்று ஒரு வார்த்தை வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. நட்டுகளை ஒரு டப்பாவில் கொட்டி, டம்ளரைக் கழுவிக் கவுன்ட்டரில் வைத்தாள். காந்தத்தை இரும்பு அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினாள். சாவியைக் குருவியிடம் நீட்டினாள்.

"என்கிட்ட எதுக்கு? நீயே வச்சுக்கயேன்."

"வேண்டாம்" என்றாள் வயர். "எனக்கு இன்னும் வயிறு எரியுது. இப்போதைக்கு உன்கிட்டயே இருக்கட்டும்."