மேனுஷாவின் இடி

இளவரசி வேடம் தனக்குத்தான் கிடைக்கும் என்று மேனுஷா நினைத்திருந்தாள். நாடகம் பழக்கிய புவனேந்திரன் சேர் பெயர்களை வாசித்தார். இளவரசிக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். மந்திரி, சேவகர்கள், மயில், தவளைகள் என்று எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. மேனுஷாவின் பெயர் மட்டும் வரவில்லை.

“சேர், நான்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“நீதான் இடி.”

“இடியா?”

“ஆமா. திரைக்குப் பின்னால நின்னு இடி இடிக்கணும். அது இல்லன்னா நாடகமே இல்ல” என்றார் சேர்.

மேனுஷா தலையாட்டினாள்.

அது சித்திரை விடுமுறை. பதுளையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் சிறுவர்களுக்காக நாடக முகாம் நடந்தது. டவுன் பிள்ளைகளும் வந்தார்கள், சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தார்கள். மேனுஷாவுக்குப் பதினொரு வயது. பசறை வீதியில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனாள்.

அவளுடைய அம்மா சந்திரகாந்தி அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். “எங்க மேனுஷா பதுளையில நாடகம் நடிக்கப் போறா” என்று லயத்தில் வரிசையாக உள்ள எல்லா வீட்டுக்கும் அவர் சொல்லியாகிவிட்டது. கடைசி நாள் நாடகத்தைப் பார்க்க வேலைக்குப் போகாமல் வருவதாகவும் சொல்லியிருந்தார்.

திரைக்குப் பின்னால் நிற்பவளை யார் பார்க்கப்போகிறார்கள்?

அன்று மாலை, “என்ன வேஷம் குடுத்தாங்க?” என்று அம்மா ஆசையாகக் கேட்டார்.

“வந்து பாருங்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, மேனுஷா முகம் கழுவப் போய்விட்டாள்.

நாடகம் ஒரு ராஜாவைப் பற்றியது. பட்டு வேட்டி நனைந்துவிட்டது என்று கோபப்பட்டு, தன் நாட்டில் இனி மழையே பெய்யக்கூடாது என்று அவர் கட்டளை போடுகிறார். மழையும் போய்விடுகிறது. ஆறு காய்கிறது, பயிர் காய்கிறது. கடைசியில் ராஜா மழையிடம் மன்னிப்புக் கேட்கிறார். அப்போது பெரிய இடி இடிக்கும். ராஜா பயந்து தொப்பென்று விழுவார். மழை கொட்டும்.

ராஜாவாக நடித்தவன் றிஸாத். பதுளை டவுன் பையன். அவனுடைய அட்டைக் கிரீடம் பெரிதாகப் போய்விட்டதால் அடிக்கடி மூக்குவரை இறங்கிவிடும். கிரீடத்துக்குள்ளிருந்தே கட்டளை போடுவான்.

இடி என்பது கயிற்றில் தொங்கிய ஒரு நீளமான தகரம். முதல் நாள் மேனுஷா அதை ஆட்டியபோது யாரோ அண்டாவைப் போட்டு உடைப்பது போல இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவள் விடவில்லை. கீழ் முனைகளைப் பிடித்து மெல்ல ஆட்டினாள், பிறகு வேகமாக, பிறகு மறுபடி மெல்ல. தூரத்து மலையில் தொடங்கி, உருண்டு உருண்டு வந்து, தலைக்கு மேலே வெடிக்கிற இடி அவள் கைக்கு வந்துவிட்டது.

ஒருநாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு மண்டபத்துக் காவல்காரர் வெளியே ஓடினார். கொடியில் காய்ந்த தன் சாரத்தை அள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் வானத்தைப் பார்த்தார். நல்ல வெயில்!

“பாத்தியா? இதுதான் இடி!” என்று சேர் கைதட்டினார்.

அன்றைக்குத்தான் மேனுஷாவுக்கு மனம் கொஞ்சம் ஆறியது. இளவரசி இல்லாவிட்டால் என்ன? இப்படி ஓர் இடியை வேறு யாராலும் இடிக்க முடியாது.

தவளைகள் அதுவரை பாடசாலையின் மறுகோடி வகுப்பறையில் தனியாகப் பழகிக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் சேர்த்து ஒத்திகை பார்க்கும் நாள் வந்தது. நடுப்பகலே இருட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்து விளக்குகளைப் போட்டுவிட்டுத் தொடங்கினார்கள்.

ராஜா மன்னிப்புக் கேட்டார். மேனுஷா தகரத்தைப் பிடித்தாள். இடி உருண்டு வந்தது.

அதற்குள் மேடையிலிருந்து ஒரு கூச்சல். தவளைகளில் சிறியவள், எட்டு வயதுக் கவிப்ரியா, மேடையிலிருந்து குதித்து, நாற்காலிகளில் மோதி, வாசலைத் தாண்டி ஓடிவிட்டாள்.

“தவளை ஓடிருச்சு!” என்று றிஸாத் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். மேனுஷாவும் சிரித்தாள். உண்மையைச் சொன்னால், அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ‘என் இடி அவ்வளவு நல்லா இருக்கு’ என்று நினைத்துக்கொண்டாள்.

“மேனுஷா, போய் அவளைக் கூட்டிக்கிட்டு வா” என்றார் சேர்.

கவிப்ரியா பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் குந்தியிருந்தாள். இரண்டு கைகளாலும் காதை அடைத்திருந்தாள். பச்சைக் காகிதத் தொப்பி கிழிந்து தொங்கியது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

“அது சும்மா தகரம்” என்று சொல்லி மேனுஷா சிரித்தாள். “வந்து பாரு. நான்தான் ஆட்டுறேன்.”

“தெரியும்” என்றாள் கவிப்ரியா. “ஆனா மலையும் அப்பிடித்தான் வந்துச்சு.”

மேனுஷாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

“போன கார்த்திகை மழையில. மொதல்ல தூரத்துல உருளுற சத்தம். அப்புறம் கிட்ட. அப்பா என்னைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டாரு. பக்கத்து வீட்டுக் காம்பிராவுல சுஜி இருந்தா. எங்க வகுப்புதான்.” கவிப்ரியா தொப்பியின் கிழிந்த முனையை ஒட்டவைக்கப் பார்த்தாள். அது ஒட்டவில்லை. “சுஜி வரல.”

மேனுஷா தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த இடுக்கில் நுழைந்தாள். ஈரத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“சுஜிக்குத் தவளைன்னா ஒரே அருவருப்பு அக்கா. நான் பின்னால போய் ‘கொர்க்’னு கத்துவேன். அவ ஓடுவா.” கவிப்ரியாவின் உதடு லேசாக விரிந்து, உடனே மூடிக்கொண்டது. “நான் நல்லாக் கத்துவேன். அதான் தவளை கேட்டேன்.”

சேரிடம் மேனுஷா நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் வாடிவிட்டது. கவிப்ரியாவின் தலையைத் தடவி, “நீ மேடை ஏற வேணாம்மா. முன்னால உக்காந்து பாரு, சரியா?” என்றார். அன்பாகத்தான் சொன்னார். கவிப்ரியா தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் கண்ணாடி முழுக்க மழைநீர் வழிந்தது. மலைச்சரிவில் சில இடங்களில் மண் சரிந்து, தேயிலை இல்லாமல் செம்மண் கீறல்கள் தெரிந்தன. தினமும் பார்க்கும் இடம்தான். அன்றைக்கு மேனுஷாவால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

இடி இல்லாவிட்டால் கவிப்ரியா தவளையாக இருக்கலாம். ஆனால் இடி இல்லாவிட்டால் மேனுஷா யார்? கைதட்டல் எதற்கு? அம்மா எதைப் பார்க்க வரப்போகிறார்? வீடு வரும்வரை அவள் இதையே யோசித்தாள்.

காலையில் முகாமுக்கு வந்ததும் நேராகச் சேரிடம் போனாள்.

“சேர், இடி வேணாம்.”

“என்னம்மா சொல்ற? இடி இல்லாம மழை எப்பிடி வரும்?”

“நான் எப்பிடி விழுறது?” என்று றிஸாத் குறுக்கே வந்தான். “இடி விழுந்தாத்தானே நான் விழலாம்? சும்மா விழுந்தா எனக்குக் காக்கா வலிப்புன்னு நினைப்பாங்க!”

மேனுஷா இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள்.

“எங்க தோட்டத்துல மழை வர்றதுக்கு முன்னால தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில தவளை கத்தும் சேர். மொதல்ல ஒண்ணு கத்தும். அப்புறம் எல்லாம் கத்தும். ராஜா மன்னிப்புக் கேட்டதும் ஒரு தவளை பின்னால வந்து கத்தட்டும். ராஜா அதுக்குப் பயந்து விழட்டும்.”

“ராஜா தவளைக்குப் பயப்படுறதா?” றிஸாத்தின் கிரீடம் மூக்குக்கு இறங்கியது. “மானம் போயிரும்!”

“எல்லாரும் சிரிப்பாங்க” என்றாள் மேனுஷா.

றிஸாத் யோசித்தான். “நெறையச் சிரிப்பாங்களா?”

“ரொம்ப.”

“அப்ப சரி.”

சேர் மேனுஷாவின் பக்கம் திரும்பினார். “உன் தகரம்?”

“நான் மழை போடுறேன் சேர்” என்றாள்.

சுளகில் பயறைப் போட்டு மெல்லச் சாய்த்தால் தூறல் போலக் கேட்டது. அந்தச் சத்தம் சரியா என்று கவிப்ரியாவிடமே கேட்டார்கள். அவள் தள்ளி நின்று கேட்டாள், கிட்ட வந்து கேட்டாள், பிறகு தலையாட்டினாள். புதிய பச்சைத் தொப்பி ஒன்றை மேனுஷா ஒட்டிக் கொடுத்தாள். தகரத்தைக் காவல்காரர் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அது வெளியே போகும்வரை மேனுஷா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நாடக நாள் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. திரை இடுக்கு வழியாக மேனுஷா பார்த்தாள். நல்ல சேலை கட்டி, நாலாவது வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தார். மேடையில் யார் வந்தாலும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். மகள் இல்லை என்று தெரிந்ததும் பின்னால் சாய்ந்துகொண்டார். மறுபடி யாராவது வந்தால் மறுபடி கழுத்தை நீட்டினார். மேனுஷா திரை இடுக்கை மூடிவிட்டாள்.

ராஜா மன்னிப்புக் கேட்டார். கவிப்ரியா தத்தித் தத்தி அவர் பின்னால் வந்தாள். வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் வெளியே மின்னியது. மண்டபத்தில் விளக்குகள் அணைந்தன. தொடர்ந்து, உண்மையான இடி உருண்டு வந்தது.

சன்னல் வழியே வந்த மங்கிய வெளிச்சத்தில் கவிப்ரியா அப்படியே உறைந்து நிற்பது தெரிந்தது. கைகள் காதுக்குப் போய்விட்டன. மண்டபத்தில் தாய்மார் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். அங்கிருந்த பலருக்கும் அந்தக் கார்த்திகை மறக்கவில்லை.

மேனுஷா சுளகைக் கீழே வைத்தாள். வேடமில்லை, தொப்பியில்லை, வெள்ளைச் சீருடைதான். திரையை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனாள். தவளை போலக் குந்தி, தத்தி, கவிப்ரியாவின் பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்தாள்.

“அக்கா, ஓடிருவோமா?” கவிப்ரியாவின் குரல் கேட்கவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

“ஓடலாம். ரெண்டு பேருமே ஓடலாம்” என்று மேனுஷா காதோரம் சொன்னாள். “ஒரே ஒரு தடவ கத்திட்டு ஓடுவோம். சரியா?”

அடுத்த இடி வந்தது. கவிப்ரியாவின் நகம் மேனுஷாவின் உள்ளங்கையில் பதிந்தது. வலித்தது. மேனுஷா கையை விடவில்லை. “கொர்க்” என்றாள். அவளுக்குத் தவளை மாதிரிக் கத்த வரவில்லை. கோழிக்குச் சளி பிடித்தது போல இருந்தது.

கவிப்ரியா அவளைத் திரும்பிப் பார்த்தாள். ‘இப்படியா கத்துவது?’ என்பது போன்ற பார்வை. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு வயிற்றிலிருந்து ஒரு கத்து கத்தினாள்.

“கொர்ர்ர்க்!”

அசல் தவளை! றிஸாத் நடிக்க மறந்து நிஜமாகவே துள்ளி விழுந்தான். கிரீடம் உருண்டு பார்வையாளர்களிடம் போனது. இருட்டில் எங்கோ ஒருவர் சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. மற்றத் தவளைகளும் கத்தத் தொடங்கின. கூரைமேல் மழை கொட்டியது. பயறு தேவைப்படவே இல்லை.

மேனுஷாவும் கவிப்ரியாவும் ஓடவில்லை. நாடகம் முடியும்வரை கையைப் பிடித்துக்கொண்டே கத்தினார்கள்.

மழை விடாததால் எல்லாரும் வாசலில் ஒதுங்கி நின்றார்கள். கவிப்ரியா தன் அப்பாவின் கால்களுக்கு நடுவில் நின்று, ஒவ்வொரு மின்னலுக்கும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பயம் போய்விடவில்லை. ஆனாலும் மேனுஷாவைப் பார்த்ததும் கையை ஆட்டினாள்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மகளின் உள்ளங்கையில் இருந்த நகத் தடத்தைப் பார்த்தார். அதைத் தன் சேலை முந்தானையால் துடைத்துவிட்டார்.

“ஆமா, லயத்துல கேட்டா என்ன வேஷம்னு சொல்றது?” என்றார்.

“தவளைன்னே சொல்லுங்கம்மா” என்றாள் மேனுஷா.