பாதித் தட்டு

"இன்னும் விடியவே இல்ல... அதுக்குள்ள எம்புள்ளய எங்கடி இழுத்துட்டுப் போறே?"

மாமியாரின் குரல் கேட்டதும் தாழ்ப்பாளில் வைத்த கையை அவள் எடுத்துக்கொண்டாள். மணி ஐந்துகூட ஆகவில்லை. கணவன் குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே!

"நடந்துட்டு வந்துடறோம் அத்தை. முக்கால் மணி நேரம்தான்..."

"நாள் பூரா பஸ் ஓட்டுறவனுக்கு நடை ஒரு கேடா? சோத்தப் பாதியாக் குறைச்சுட்டே. மிச்சத் தட்டு பூரா இலையும் தழையும்! அவன் என்ன ஆடா, மாடா? ஒன்றரை மாசத்துல சட்டை தொளதொளன்னு தொங்குது. பெத்த வயிறு பத்தி எரியுதுடி!"

அவள் கணவனைப் பார்த்தாள். 'அவ மேல தப்பு இல்லம்மா' என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவன் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

ஒன்றரை மாதத்துக்கு முன்பு, பணிமனையில் எல்லா டிரைவர்களுக்கும் உடல் பரிசோதனை நடந்தது. அவனுக்குச் சர்க்கரை நோய் என்று வந்துவிட்டது. அடுத்த பரிசோதனைக்குள் கட்டுக்குள் கொண்டுவராவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது என்றார் டாக்டர். அன்று அவன் நேரே வீட்டுக்கு வரவில்லை. அவள் பள்ளிச் சீருடை தைக்கும் கடைக்கு வந்தான். மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

"அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு!"

காரணம் அவளுக்குத் தெரியும். இதே நோய்தான் அவன் அப்பாவை ஆறு வருடம் அரித்தது. முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை... கடைசி நாளில் மனிதர் ஒரு வாய் இனிப்பு டீ கேட்டாராம். 'சாயங்காலம் பாத்துக்கலாம்' என்றாளாம் மாமியார். சாயங்காலம் அவர் இல்லை. அதன்பிறகு யாருக்கும் எதையும் இல்லையென்று சொல்ல மாமியாருக்கு மனம் வந்ததில்லை.

அதனால் மருமகள் சத்தியம் செய்தாள். செய்த பாவத்துக்குத் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து இறங்கினாள். அம்மா போனில் அழுததற்குப் பலன்.

"அண்ணி, அண்ணனை ஒல்லியாக்கி அழகு பாக்கணுமா உங்களுக்கு? இல்ல... அவரை அரைவயித்துல நிறுத்திட்டு நீங்க பின்கட்டுல நல்லாச் சாப்பிடறீங்களா?"

சுருக்கென்றது. அவன் தட்டில் எவ்வளவோ அவ்வளவுதான் அவள் தட்டிலும். தனக்கு மட்டும்தான் தண்டனை என்று அவன் நினைத்துவிடக் கூடாதே என்று அவளாகவே போட்டுக்கொண்ட விதி அது. அதைச் சொல்லிக்காட்ட வாய் வரவில்லை. எழுந்து போய் வீட்டிலிருந்த தையல் மெஷினைச் சத்தமாக ஓட்டினாள்.

மறுநாள் காலையில் அவன் விரலில் ஊசி குத்தி, ரத்தத்தைக் கருவியில் வைத்துப் பார்த்தபோது சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு! அளவாகத்தானே போட்டேன்? எங்கே தவறினேன்? குழம்பியபடி அவன் சீருடையைத் துவைக்க எடுத்தவள், பைக்குள் பிசுபிசுப்பாக ஒரு காகிதத்தைக் கண்டாள். இனிப்புக் கடைக் காகிதம்.

"என்னங்க இது?"

"அம்மாதான்... தினமும் வேலைக்குக் கிளம்பும்போது கையில திணிக்குது. 'அவளுக்குத் தெரியாம தின்னுடா'ங்குது. வேண்டாம்னா கண்ணு கலங்குது."

"வாங்கி வேற யாருக்காவது கொடுத்திருக்கலாமே!"

"கொடுத்திருக்கலாம்..." அவன் தலை தொங்கியது. "ஆசையா இருந்துச்சு."

அவள் காகிதத்தைக் கசக்கி எறிந்தாள். பரிசோதனைக்கு நான்கு நாள்தான் இருந்தது. அந்தப் பயத்தில் அவன் தன்னிஷ்டத்துக்கு ஒரு வைத்தியம் செய்தான். மூன்றாம் நாள் வயிறு சரியில்லை என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டான். மறுநாள் விடியற்காலையில், அவள் பார்க்காத நேரத்தில், சர்க்கரைக்கான மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு நடக்க வந்தான்.

சாத்திக்கிடந்த கடைகளின் ஓரமாக இரண்டாவது சுற்று. அவன் பேச்சு திடீரென்று குழறியது. அவள் பிடித்த அவன் கை சில்லென்று வியர்வையில் நனைந்திருந்தது. "கண்ணு இருட்டுது..." என்றவன் முட்டி மடங்கிச் சரிந்தான்.

அவள் ஓடிப்போய், அப்போதுதான் பாதி திறந்திருந்த டீக்கடைக் கதவைத் தட்டினாள். "அண்ணே, சர்க்கரை... ஒரு பிடி சர்க்கரை!" தண்ணீரில் கரைத்து, அவனைத் தன்மேல் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். ஒன்றரை மாதமாக எதை அவன் பக்கமே வரவிடாமல் காத்தாளோ, அதையே ஊட்டினாள்.

டீக்கடைக்காரர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். செய்தி வீட்டுக்கும் போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தலைவிரிகோலமாக ஓடிவந்த மாமியார், நேரே மருமகளின் தோளில் ஓங்கி அடித்தாள்.

"கொன்னுட்டியேடி! பட்டினி போட்டே எம்புள்ளயச் சாய்ச்சுட்டியே பாவி!"

அவள் அசையவில்லை. கூட வந்த நாத்தனாரும் தடுக்கவில்லை. நர்ஸ்தான் உள்ளேயிருந்து வந்தாள்.

"யாரும்மா இங்க கை நீட்டுறது? இவங்க சமயத்துல சர்க்கரைத் தண்ணி கொடுத்ததாலதான் உங்க பையன் கண்ணு முழிச்சிருக்காரு. சர்க்கரை வியாதிக்காரரு ராத்திரி சாப்பிடாம மாத்திரைய ரெண்டா முழுங்கினா வேற என்ன ஆகும்?"

"யாரு... யாரு சர்க்கரை வியாதிக்காரன்?"

திறந்திருந்த கதவுக்குள், கட்டிலில் இருந்து அவன் குரல் வந்தது.

"நான்தாம்மா. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான். மாத்திரையும் நானாத்தான்... அவ ஒரு தப்பும் பண்ணலம்மா."

மாமியார் உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ... நான் கொடுத்ததெல்லாம்...?"

அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"ஆறு வருஷம் புண்ணு கழுவின கைடா இது! உங்கப்பா காலை எடுத்த அன்னிக்கும் நின்னவடா நான்! இதத் தாங்க மாட்டேன்னு நினைச்சியே... சொல்லியிருந்தா இவ பக்கத்துல நின்னிருப்பேனே! பாவி, என் கையாலயே ஊட்ட வெச்சுட்டியே!"

அழுதுகொண்டே அவன் பாதங்களைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, இடுக்குகளில் பார்த்தாள். குதிகாலைத் தடவினாள். "புண்ணு இல்ல... கடவுளே, புண்ணு இல்ல..."

டாக்டர் வந்தார். தான் சொல்லும்வரை பஸ் ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். எத்தனை நாள் என்று அவன் கேட்டதற்கு, "பாப்போம்" என்றார். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நாத்தனார் தலை குனிந்தபடி, "அண்ணி..." என்றாள்.

நர்ஸ் அவனுக்கு ரொட்டி கொண்டுவந்தாள். அதை வாங்கிய மருமகளின் கை நடுங்கித் தட்டு தடதடத்தது. மாமியார் அந்தக் கையையே பார்த்தாள். மெலிந்த மணிக்கட்டிலிருந்து வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

"நீ ராத்திரி என்னடி சாப்பிட்டே?"

"அவர் சாப்பிடல அத்தை..."

"அதுக்கு முந்தி? இந்த ஒன்றரை மாசமா?"

அவள் பார்வை கையிலிருந்த தட்டுக்குத் தாழ்ந்தது. மாமியாரின் முகம் கோணியது.

"ஐயோ... அவன் தட்டையே எட்டி எட்டிப் பாத்தேனே... உன் தட்டுல என்ன இருக்குன்னு ஒரு நாள் பாக்கலையேடி!"

அடித்த தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள் கிழவி. ஒன்றரை மாதமாக ஒரு சொட்டுக்கூட விடாத மருமகளின் கண்கள் அப்போதுதான் உடைந்து பெருகின. தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் மாமியாரை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.