கழுத்தளவு முகவரி

காலை ஆறு மணிக்கு நண்டுத்திட்டில் எல்லாரும் தண்ணீருக்குள் இறங்கி நிற்போம். மூன்று நிமிடம். மணிக்கட்டில் இருக்கும் நாடிப்பட்டை அதிர்ந்தால் அன்றைய இருப்புப்பதிவு முடிந்தது. தலையைத் துவட்டிக்கொண்டு உலை வைக்கப் போகலாம்.

தையல்நாயகி அக்காவின் வீட்டு இடத்தில் இடுப்பளவு தண்ணீர். என்னுடையதில் மார்பளவு.

"ஏய் பட்டதாரி, உன் வாசல்ல மடவை மீனு ஓடுது. கோலம் போட்டாச்சா?" என்று தினமும் கேட்பாள்.

கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் கிடக்கிற மணல் எங்கள் ஊர். கிழக்கே கடல் தின்னும். மேற்கே ஆறு கொண்டுவந்து போடும். ஆறு வருடத்தில் ஊர் நூற்றிருபது மீட்டர் நகர்ந்துவிட்டது. வீடுகளைப் பிரித்து மேற்கே கட்டிக்கொண்டோம். பட்டா நகரவில்லை. செயற்கைக்கோளுக்கு எங்கள் முகவரி பழைய இடம்தான். அங்கே தொடர்ந்து மூன்று நாள் நிற்காத ஆளை அதிகாரிகள் லாஞ்சில் ஏற்றி உள்நாட்டு அடுக்ககத்துக்குக் கொண்டுபோவார்கள். பதிவில் பத்துப் பேருக்குக் கீழே போனால் மேற்கே சேர்ந்த புதுமணல் முழுக்கத் துறைமுகத்துக்குப் போய்விடும். நாங்கள் பதினோரு பேர்.

பழைய பத்திரத்தில் எண்ணே கிடையாது. கிழக்கே கடல், மேற்கே ஆறு, அவ்வளவுதான். ஊர் நகர்ந்தால் பத்திரமும் கூடவே நகர்ந்திருக்கும். "இதெல்லாம் எந்தக் கோர்ட்டில் நிற்கும்?" என்று சிரித்தவள் நான். புவியியல் பட்டத்தோடு வந்து, வீடு வீடாக ஜிபிஎஸ் வைத்து, ஆறு தசமம் வரை ஆள்கூறு எழுதிக் கொடுத்தேன். அதிகாரிகள் கைகுலுக்கி அதையே பட்டாவில் ஏற்றினார்கள். மணல்திட்டு நகரும் என்று மூன்றாம் பருவத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

அப்பாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், தண்ணீரில் இறங்கவில்லை. இன்று மூன்றாம் நாள். அவருடைய இடம் அலை உடைகிற இடத்தில் இருக்கிறது. படகில் உட்கார்ந்தபடி கையை நீட்டினால் நாடிப்பட்டை படகின் ஆட்டத்தைக் கண்டுபிடித்துவிடும், பதியாது. அதனால் இறக்கினேன். அக்குளில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். கழுத்தளவு. இரண்டாம் நிமிடத்தில் ஓர் அலை எங்கள் இருவரையும் புரட்டிப் போட்டது. பட்டை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கியது.

"போதும் புள்ள," என்றார் அப்பா. "தூக்கு."

மதியம் லாஞ்சு வந்தது. நானும் ஏறிக்கொண்டேன்.

"எறங்கு," என்றார் அப்பா.

"மாட்டேன்."

"நீயும் வந்துட்டா மிச்சம் ஒம்பது பேருதான். தையல்நாயகி எங்க போவா? எறங்குடி."

"எல்லாம் நான் எழுதிக் குடுத்ததாலதானப்பா."

அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"நீ படிச்சுக் காட்டுன அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன், மண்ணு நவுந்தா என்னா ஆவும்னு. படிச்ச புள்ள, தெரியாமயா செய்வான்னு உட்டுட்டேன்."

இறங்கினேன். லாஞ்சு கிளம்பியது. அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அது எனக்கு நன்றாக வரும்.