பாதி படம் பார்த்த தெரு

வாலுவின் அம்மா டிவியில் வந்தாள்.

டிவியில் வருவது பெருமைதான். ஆனால் அம்மா வந்தது, ‘கேமராவில் சிக்கிய பார்சல் திருடி’ என்ற சிவப்பு எழுத்துக்கு மேலே. ஒரு வீட்டு வாசல். மழை கொட்டுகிறது. அம்மா படியில் இருந்த அட்டைப்பெட்டியை எடுக்கிறாள். அக்கம்பக்கம் பார்க்கிறாள். சுவர் ஓரமாகப் போய் மறைந்துவிடுகிறாள். இவ்வளவுதான் வீடியோ. இதைப் போட்டதையே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் வேலை பார்ப்பவள். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. பூட்டிய வீட்டு வாசலில் பெட்டி நனைவதைப் பார்த்தால் சும்மா போக மாட்டாள். வேறு கம்பெனிக்காரர்கள் வைத்துவிட்டுப் போனதாக இருந்தாலும், எடுத்து நனையாத இடத்தில் வைப்பாள். மறுநாள் அந்தப் பக்கம் போகும்போது வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிடுவாள்.

இந்த முறை சொல்ல முடியவில்லை. அதற்குள் கேமரா முந்திக்கொண்டது.

“அந்த வீட்டு மோட்டார் பெட்டிக்குள்ளதான் சார் வச்சேன்,” என்று அம்மா மேனேஜரிடம் போனில் கெஞ்சினாள்.

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். அந்தத் தெருப் பக்கம் போனீங்கன்னா வேலையே போயிடும். நாங்க கூப்பிடற வரைக்கும் வீட்லயே இருங்க,” என்றார் அவர்.

பிறகு முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கூப்பிட்டுத் திட்டினார்கள். அம்மா போனை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாப்பாடு தட்டிலேயே காய்ந்தது.

வெளியே இன்னும் மோசம். “கேமரா மட்டும் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்! நானும் ரெண்டு வாங்கப் போறேன்,” என்று கடைக்கார அண்ணன் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். மாடி அக்கா சொல்லவில்லை, வாங்கியே விட்டாள். அவள் மாட்டிய கேமரா மாடிப்படியைப் பார்க்கவில்லை. நேராக வாலுவின் வீட்டுக் கதவைப் பார்த்தது. போன வாரம் வரை அவள் ஊருக்குப் போகும்போதெல்லாம் சாவியை அம்மாவிடம்தான் கொடுத்துவிட்டுப் போவாள்.

வாலுவின் மண்டையை ஒரு கேள்வி குடைந்தது. பெட்டி அங்கேதானே இருக்கும்? யாராவது போய்ப் பார்த்தார்களா?

அம்மா அந்தத் தெருவுக்குப் போகக் கூடாது. ‘நான் கம்பெனி ஆள் இல்லையே!’ என்று நினைத்துக்கொண்டாள் வாலு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

டிவியில் பார்த்த வாசலைத் தேடிக் கண்டுபிடித்து மணியை அடித்தாள். கதவைத் திறந்தவர் ஒரு மீசைக்கார மாமா.

“யாரும்மா நீ?”

“பார்சல் திருடியோட பொண்ணு,” என்றாள் வாலு.

மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

“மாமா, உங்க மோட்டாரை மூடியிருக்கற தகரப் பெட்டியைத் திறந்து பாத்தீங்களா?”

“அதை எதுக்குத் திறக்கணும்? சுவிட்சு வீட்டுக்குள்ள இருக்கு. அதுவும் இல்லாம, வீடியோவைத்தான் நூறு தடவை பாத்தாச்சே!”

“நூறு தடவை அதைப் பாத்தீங்க. ஒரே ஒரு தடவை இதைப் பாருங்க மாமா.”

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தகர மூடியைத் தூக்கினார். உள்ளே அட்டைப்பெட்டி இருந்தது. ஒரு மூலைகூட நனையவில்லை. மாமாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

“கேமராவுக்கு இந்தச் சுவர் வரைக்கும்தான் தெரியும்…” என்றார் மெதுவாக. “நாங்க பாதியைப் பாத்துட்டு… தப்பு பண்ணிட்டேன்மா.”

“அதை இங்கயே சொல்லுங்க. நான் எடுக்கறேன்,” என்று வாலு போனை நீட்டினாள்.

அவர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டார். அதைத் தன் போனுக்கு வாங்கி, முதல் வீடியோவைப் போட்ட அதே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். வாலு நம்பர் கொடுக்க, மேனேஜருக்கும் அனுப்பினார். டிவிக்காரர்களுக்குப் போன் செய்தார்.

“அது பழைய செய்தி சார். இப்ப வேற ஓடிட்டிருக்கு,” என்று சொல்லிவிட்டார்கள். “விசாரிச்சுட்டுச் சொல்றோம்,” என்று கம்பெனியில் இருந்து பதில் வந்தது.

முதல் வீடியோ ஊர் ஊராகப் பறந்தது. இதுவோ அந்தக் குரூப்பை விட்டு நகரவே இல்லை. மறுநாளும் யாரோ அம்மாவைக் கூப்பிட்டு, “வெட்கமா இல்ல?” என்று கேட்டார்கள். அம்மா மீசைக்கார மாமாவின் வீடியோவைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இதை யாருடி பாக்கப் போறாங்க?” என்று மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

வாலுவுக்கும் அழுகை வந்தது. அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனுடன் வெளியே போனாள்.

முதலில் மாடி அக்கா. “அக்கா, ஒரு நிமிஷம் இதைப் பாருங்க.” அக்கா பார்த்தாள். கேமரா பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கடைக்கார அண்ணன் வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “இது எனக்கு வரவே இல்லையே பாப்பா!” என்றார். “அதான் நானே கொண்டு வந்தேன்,” என்றாள் வாலு.

வீடு வீடாக ஏறி இறங்கினாள். சிலர் பார்த்தார்கள். சிலர், “அம்மாவைக் காப்பாத்தக் கிளம்பிட்டியா?” என்று சிரித்தார்கள். சிலர் கதவையே திறக்கவில்லை. கால் கடுத்தது. கடைசியில் போனும் அணைந்துபோனது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“போனைத் தூக்கிட்டு எங்கடி சுத்திட்டு வர்ற?”

“எல்லாருக்கும் காட்டிட்டு வந்தேம்மா.”

“எல்லாரும் பாத்தாங்களா?”

“இல்லம்மா. நிறைய வீடு பாக்கி இருக்கு.”

அம்மா போனை வாங்கிச் சார்ஜில் போட்டாள். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“கொஞ்சம் ஏறட்டும். மிச்ச வீட்டுக்கு நானும் வர்றேன்,” என்றாள்.